ஃபேண்டலினில் யார் சுங்கம் வாங்குவது?

கடையில் வாங்கிய கற்பனை உலகத்தை வைத்து விளையாட்டு நடத்துகிறவர்களுக்கு ஒரு பொதுவான பயம் உண்டு. புத்தகத்தில் இருக்கிற ராஜாவைச் சாக விடலாமா, புத்தகத்தில் இருக்கிற ஊரை எரிக்க விடலாமா, அடுத்த வருஷம் அதே ஊரை வைத்து கம்பெனி இன்னொரு புத்தகம் போட்டால் நம் கதை என்ன ஆகும். காசு கொடுத்து வாங்கியது நாம், விளையாடுவது நம் வீட்டு ஹாலில், இருந்தாலும் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கப் போகிறவன் மாதிரி ஒரு கூச்சம். நான் பல வருஷமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) நடத்துகிறேன், பெரும்பாலும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில், பாதிப் பேர் நேரில், மீதிப் பேர் டிஸ்கார்டில். அந்தப் பயத்துக்கு அர்த்தமே இல்லை என்பது என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போயும் சொல்வேன்: உலகத்தை மாற்றிப் பார்க்கிற ருசி, நாமே உட்கார்ந்து உருவாக்கிய உலகத்தைவிட அச்சில் வந்த உலகத்தில்தான் அதிகம்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டி.எம். என்கிற ஒருவர் உலகத்தையும் அதில் இருக்கிற ஆட்களையும் நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு அதற்குள் புகுந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், சந்தேகமான இடத்தில் டைஸ் உருட்டுவோம். உலகத்தை டி.எம். தானே எழுதலாம், இல்லையென்றால் வாங்கலாம். எட் கிரீன்வுட் என்ற கனடாக்காரர் சின்ன வயதிலிருந்து கட்டி எழுப்பிய ஃபர்காட்டன் ரெல்ம்ஸை டி.எஸ்.ஆர். நிறுவனம் 1987-ல் பெட்டியில் போட்டு விற்றது. அன்றிலிருந்து வரைபடம், நாவல், வீடியோ கேம் என்று அந்த உலகத்தைப் பற்றி எழுதப்பட்டதை ஒரு ஆள் ஒரு ஆயுளில் படித்து முடிப்பது கஷ்டம்.

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதி வைத்த உலகத்தில், எங்கள் மேஜையில் இருக்கிற ஐந்து பேர் செய்கிற காரியத்துக்கு என்ன மதிப்பு?

இதற்குப் பதில் சொல்லும் முன் மாட்யூல்களைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். மாட்யூல் என்றால் அச்சில் வருகிற தயார்நிலைக் கதை. பெரிய மாட்யூல் எதை எடுத்தாலும் உலகத்தைக் காப்பாற்றச் சொல்லும். 2014-ல் இரண்டு பாகமாக வந்த டிராகன் கதையில் ஐந்து தலை டிராகன் தேவதை டியமட்டை நரகத்திலிருந்து கூட்டிவரப் பார்க்கிறது ஒரு கும்பல், நீங்கள் தடுக்க வேண்டும். தடுத்தால்? டியமட் வரவில்லை. வாட்டர்டீப் நகரம் அப்படியே இருக்கிறது, நெவர்விண்டர் நகரம் அப்படியே இருக்கிறது, வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாதக்கணக்கில் விளையாடி, கேரக்டர்களைப் பறிகொடுத்து, கடைசியில் கிடைக்கிற பரிசு, புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த அதே உலகம். உலகத்தைக் காப்பாற்றுவது என்றால் மாற்றத்தைத் தடுப்பது. மாற்ற நினைக்கிறவன் எப்போதும் வில்லன். ஹீரோக்கள் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்கள். இது யாரோ சதி செய்து வைத்த ஏற்பாடு என்று சொல்லவில்லை, அடுத்த புத்தகத்தையும் விற்க வேண்டிய கம்பெனிக்கு இதைவிட வசதியான கதை கிடைக்காது, அவ்வளவுதான்.

கம்பெனிக்குத் தேவைப்படும்போது மட்டும் உலகம் தாராளமாக மாறும், அதுதான் கடுப்பு. 1989-ல் டி அண்ட் டி விதிகளின் இரண்டாம் பதிப்பு வந்தபோது ரெல்ம்ஸில் கடவுள்களை எல்லாம் பூமியில் நடமாட விட்டு, பேன், பால், மிர்க்குல் என்று மூன்று பேரைக் கொன்றார்கள். புதுப் பதிப்பில் அசாசின் (கூலிக்கொலைகாரன்) என்ற கேரக்டர் வகுப்பு இல்லை, ஆகவே உலகத்தில் இருந்த அசாசின்கள் எல்லோரும் கதைக்குள்ளேயே ஒரே அடியில் செத்துப்போனார்கள். விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் குறைந்ததற்கு அத்தனை பிணம். 2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது மந்திரமே வெடித்துச் சிதறி, கதை கிட்டத்தட்ட 100 வருஷம் முன்னால் தாவியது. அது வரைக்கும் அந்த உலகத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்களின் மனித கேரக்டர்கள் எல்லாம் ஒரே நாளில் கிழடு தட்டிச் செத்த கணக்கு. அடுத்த பதிப்பில் அதில் பாதியைத் திருப்பியும் வைத்தார்கள்.

இதில் எனக்கு அதிகம் வலித்தது டார்க் சன். 1991-ல் வந்த உலகம் அது, தண்ணீர் இல்லாத பாலைவனம், ஒவ்வொரு நகரத்தையும் ஒரு மந்திரவாதி ராஜா கசக்கிப் பிழிந்துகொண்டிருக்கிறான். பெட்டியைத் திறந்து படிக்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான், இவன்களில் ஒருத்தனையாவது சாய்க்க வேண்டும். டைர் நகரத்து ராஜா கலக் அதே வருஷம் செத்தான். கொன்றது யார் என்றால் நாவலின் நாயகர்கள். அந்தச் சம்பவத்தைச் சுற்றி எழுதிய மாட்யூலில் நம் கேரக்டர்கள் அதே அரங்கத்தில் இருப்பார்கள், ராஜா சாய்வதைப் பார்ப்பார்கள், கலவரத்திலிருந்து உயிர் தப்புவார்கள். விளையாட வந்தவனுக்குக் காலரி டிக்கெட். அப்புறம் நாவல் வரிசை முடிவதற்குள் உலகத்தின் பெரிய முடிச்சுகள் எல்லாவற்றையும் நாவல்காரர்களே அவிழ்த்துவிட்டார்கள், 1995-ல் வந்த திருத்திய பெட்டி அந்த மிச்சத்தைத்தான் விற்றது. 2010-ல் நான்காம் பதிப்புக்காக அந்த உலகத்தை மறுபடி எடுத்தவர்களுக்கு இது உறைத்திருக்க வேண்டும், கலக் செத்த கொஞ்ச நாளில் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, மற்ற ராஜாக்களை உங்களுக்கே விட்டுவைத்தார்கள்.

வீடியோ கேமிலும் இதே கூத்துதான். 1998-ல் வந்த பால்டர்ஸ் கேட்டில் ஆணோ பெண்ணோ, போர்வீரனோ மந்திரவாதியோ, உங்கள் இஷ்டத்துக்கு நாயகனை உருவாக்கி விளையாடியிருப்பீர்கள். அப்புறம் அந்த நாயகனுக்கு ஏப்டெல் ஏட்ரியன் என்று அதிகாரபூர்வமாக ஒரு பெயர் வந்தது, 2013-ல் வந்த ஒரு மாட்யூலின் ஆரம்பத்திலேயே அவன் செத்தும் போனான். என் நாயகி ஒரு பாட்டுக்காரி. அவள் எங்கே போனாள் என்று கேட்க ஆள் இல்லை.

சரி, நல்லவர்களையும் சொல்ல வேண்டும். எபரான் என்ற இன்னொரு டி அண்ட் டி உலகத்தை உருவாக்கியவர் கீத் பேக்கர். 2002-ல் நடந்த போட்டிக்கு வந்த 11,000-க்கும் மேற்பட்ட உலகங்களில் ஜெயித்தது அவருடையது, 2004-ல் புத்தகமாக வந்தது. அந்த உலகத்தின் காலண்டர் 998-ல் நிற்கிறது. 2019-ல் ஐந்தாம் பதிப்புக்கு வந்த புத்தகத்திலும் 998 தான். நாவல்களில் நடப்பது விளையாட்டு உலகத்தைக் கட்டுப்படுத்தாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதற்கு நான்கு வருஷம் முன்னால், அந்தக் காலண்டரின் 994-ல், சைர் என்ற ஒரு முழு நாடு ஒரே நாளில் அழிந்தது, ஏன் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. அது உங்கள் மேஜையில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

எபரானில் எனக்குப் பிடித்த வேலை இன்னொன்று. எல்லா உலகத்திலும் ஒரு சிக்கல் உண்டு: எல்மின்ஸ்டர் மாதிரி ஒரு பெரிய மந்திரவாதி இருக்கும்போது, இந்தச் சின்னப் பசங்களை எதற்கு அனுப்ப வேண்டும், அவரே போய் முடித்துவிட மாட்டாரா. எபரானில் நல்ல பக்கத்தில் இருக்கிற பலசாலிகளை எண்ணிக்கையில் குறைத்து, இருக்கிற கொஞ்சம் பேருக்கும் காலில் கட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளிச் சுடர் மதத்தின் தலைவி ஜெய்லா டாரன் ஒரு 11 வயதுச் சிறுமி, தன் கோயில் நகரத்துக்குள் அவளை அசைக்க முடியாது, அதை விட்டு வெளியே வந்தால் பலம் பெரிதும் குறைந்துவிடும். இன்னொரு பெரிய கை ஓலியன், அது ஒரு பைன் மரம். மரம் எங்கே நடந்து வரப்போகிறது? ஆக, ஏதாவது நடக்க வேண்டும் என்றால் விளையாடுகிறவர்கள்தான் எழுந்து போக வேண்டும்.

நடுவில் நிற்கிற வழிகளும் உண்டு. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் உலகமான கோலாரியனில் நம் ஒரு வருஷத்துக்கு அங்கேயும் ஒரு வருஷம், 2019 என்றால் அங்கே 4719. அந்த வருஷம் இரண்டாம் பதிப்பு போட்டபோது, பழைய மாட்யூல்களில் ஹீரோக்கள் ஜெயித்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு எழுதினார்கள், பேய்கள் கொட்டிக்கொண்டிருந்த பெரும்பிளவு ஒன்று மூடப்பட்டுவிட்டது, மூடியவர்கள் யார் என்ற இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். இது கௌரவமான ஏற்பாடு, ஆனால் தோற்றவர்களுக்கும் குறுக்கு வழியில் போனவர்களுக்கும் அதில் இடமில்லை. 2000 முதல் 2008 வரை நடந்த லிவிங் கிரேஹாக் என்ற கூட்டு விளையாட்டில் கற்பனை உலகத்தின் நாடுகளை நிஜ உலகத்தின் பகுதிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து, ஆயிரக்கணக்கான பேர் விளையாடிய முடிவுகளைச் சேகரித்துக் கதையை நகர்த்தினார்கள். ஆயிரக்கணக்கில் ஓட்டுப் போடும் இடத்தில் உங்கள் ஓட்டு என்ன கனம் இருக்குமோ அந்தக் கனம்தான் அதில் ஒரு மேஜைக்கு. 1996-ல் வந்த டேகர்ஃபால் என்ற கணினி விளையாட்டுக்குப் பல முடிவுகள் இருந்தன, அடுத்த பாகம் எழுதும்போது எந்த முடிவை நிஜமாக எடுப்பது என்ற பிரச்சினை வந்தது, காலமே உடைந்து எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்தன என்று எழுதித் தப்பித்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ரசித்தேன், ஆனால் எல்லாம் நடந்தது என்றால் நான் செய்தது என்ன?

உலகத்தை அச்சடிக்கிறவர்களால் இதற்கு மேல் முடியாது. அவர்கள் லட்சம் பேருக்கு ஒரே உலகத்தை விற்கிறார்கள். ஐந்து பேர் மேஜைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் எங்கள் விதி இப்படி: விளையாட்டு தொடங்குகிற தேதி வரைக்கும் புத்தகம் சொல்வது வரலாறு. அந்தத் தேதிக்கு அப்புறம் நடக்கப்போவதாகப் புத்தகம் சொல்வதெல்லாம் ஜோசியம், பலித்தாலும் பலிக்கும்.

இனி ஃபேண்டலின். 2014-ல் ஐந்தாம் பதிப்பின் முதல் ஸ்டார்ட்டர் பெட்டியோடு வந்த மாட்யூல் இந்தச் சின்ன ஊரில்தான் நடக்கிறது, அதனால் இந்தத் தலைமுறையில் டி அண்ட் டி ஆட வந்தவர்களில் பெரும்பங்குப் பேருக்கு இதுதான் முதல் ஊர். 500 வருஷம் முன்னால் ஓர்க் என்ற முரட்டு இனத்தின் படை அழித்த ஊரில் இப்போதுதான் சில வருஷமாக மக்கள் திரும்பக் குடியேறியிருக்கிறார்கள். சிவப்புத் துணி போட்ட ரௌடிக் கூட்டம் ஒன்று ஊரை மிரட்டுகிறது. ஊர்த் தலைவர் ஹார்பின் வெஸ்டர், வட்டிக்கடைக்காரர், பந்தா அதிகம், தைரியம் கம்மி. சுரங்கத் தொழிலாளர் சந்தையை நடத்துகிற ஹாலியா தார்ன்டன் வெளியே நல்லவள், உள்ளே ஜென்டாரிம் என்ற கள்ள வியாபாரக் கூட்டத்தின் ஆள். ஊருக்கு வரும் ட்ரைபோர் பாதையில் கோப்ளின் என்ற குட்டிப் பூத இனத்தார் வழிப்பறி செய்கிறார்கள், அவர்களுக்கு கிரோல் என்ற ராஜா, அவன் பக்பேர் என்ற பெரிய உடம்புக்கார இனம். பக்கத்து மலையில் தொலைந்துபோன ஒரு மந்திரச் சுரங்கம்.

2019-ல் வந்த அடுத்த பெட்டிக்கும் இதே ஊர்தான் களம். அதில் வெள்ளை டிராகன் வந்திருக்கிறது, ஹார்பின் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபடியே பேசுவார், இன்னும் அவர்தான் தலைவர். 2023-ல் பெரிய புத்தகம் ஒன்று வந்தது, முதல் மாட்யூலைத் திரும்ப எழுதி அதன் மேல் மூளை தின்னும் மைண்ட் ஃப்ளேயர்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதாவது மறுபடியும் முதலிலிருந்து. நீங்கள் அந்த ஊரில் எதைச் செய்திருந்தாலும் இந்தப் புத்தகங்களுக்கு அது தெரியாது.

எங்கள் ஆட்கள் செய்தது இது. ரௌடிகளின் மறைவிடத்தில் ட்ரூப் என்று ஒரு கோப்ளின், பக்பேர்களிடம் அடி உதை வாங்கிக்கொண்டு எடுபிடி வேலை செய்யும். புத்தகத்தில் அதற்குப் பெரிய இடமெல்லாம் இல்லை. எங்கள் மேஜையில் ரோக், அதாவது திருடன் கேரக்டரை ஆடுகிற பெண்ணுக்கு ட்ரூப்பைப் பார்த்த உடனே பிடித்துப்போய்விட்டது. கிரோலின் கோட்டையை எடுத்தபோது மிச்சமிருந்த கோப்ளின்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. வெட்டிவிட்டு மேலே போய்விடலாம் என்று பாலடின், அதாவது புனிதப் போர்வீரன் கேரக்டரை ஆடுகிறவன் சொன்னான். அவள், "ஏன்டா, வழிப்பறிக்கும் சுங்கத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம், ரசீது கொடுத்தா போச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தோம், ஆனால் அவள் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்து ஒப்பந்தம் எழுத ஆரம்பித்துவிட்டாள். கோப்ளின்கள் ட்ரைபோர் பாதையைக் காவல் காப்பார்கள், வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், அதில் ஒரு பங்கு ஊருக்கு. தலைமை ட்ரூப்.

இதற்கு ஊர் சம்மதிக்க வேண்டுமே. ஹார்பின் நடுங்கினார். ஹாலியா சம்மதித்தாள், தனக்கு ஊர்த் தலைமை கிடைத்தால். ரௌடித் தலைவனின் கடிதங்கள் எங்கள் ஆட்களின் கையில் இருந்தன, ஹாலியாவுக்கு அவை தேவைப்பட்டன. கைமாறின. ஹார்பின் பதவி போனது. ஹாலியா யாருடைய ஆள் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள், மூன்று பேருக்குத் தெரியும், இரண்டு பேரிடம் அதைச் சொல்லவில்லை.

இதில் டிராகன் இல்லை, கடவுள் இல்லை, உலக அழிவு இல்லை. ஒரு மண் ரோட்டில் யார் காசு வாங்குகிறார்கள் என்பது மாறியது, ஒரு நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மாறியது. ஆனால் டியமட்டைத் தடுத்த கும்பலைவிட இவர்கள் உலகத்தை அதிகம் மாற்றியிருக்கிறார்கள், ஏனென்றால் அடுத்த நாள் காலையில் எழுந்திருக்கிற ஒரு வண்டிக்காரனின் வாழ்க்கை நேற்று மாதிரி இல்லை. மாற்றம் அர்த்தமுள்ளதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இது. டி.எம். விவரிக்கிற சாதாரண நாள் ஒன்று வேறு மாதிரி ஆகிவிட்டதா, இல்லையா. ஊர் மையத்தில் சிலை வைத்துக் கொண்டாடினார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது, சிலை பாட்டுக்கு நிற்கும்.

அப்புறம்தான் வாங்கிய உலகத்தின் பலன் தெரிய ஆரம்பித்தது. என் சொந்த உலகமாக இருந்தால் அடுத்து யார் கோபப்படுவார்கள் என்பதை நான் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தாலும் அது அந்த வாரம் நான் இட்டுக்கட்டியது என்று விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். இங்கே தேவையே இல்லை, புத்தகத்தில் ஏற்கெனவே கோபக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஃபேண்டலினுக்குப் பக்கத்துப் பெரிய ஊர் நெவர்விண்டர். அதை ஆளுகிற லார்ட் நெவரெம்பருக்குத் தன் வாசலில் கோப்ளின் சுங்கச்சாவடி என்றால் எப்படி இருக்கும். முன்பு இதே மனிதர் வாட்டர்டீப்புக்கும் தலைவராக இருந்து, பதவி பறிபோய், அந்த இடத்துக்கு லேரல் சில்வர்ஹாண்ட் என்ற மகா மந்திரவாதி வந்திருக்கிறாள். இதைப் படித்திருந்த பாலடின் பையன், அதாவது எல்லோரையும் வெட்டச் சொன்ன அதே ஆள், வாட்டர்டீப்புக்குப் போய் லேரலிடம் மனு கொடுக்கலாம் என்றான். நெவரெம்பருக்கு எரிச்சல் தருகிற எதுவும் அவளுக்குப் பிடிக்கும் என்பது அவன் கணக்கு. போனார்கள். சுங்கத்தை வாட்டர்டீப் அங்கீகரித்தது, பதிலுக்கு வாட்டர்டீப் வண்டிகளுக்குப் பாதிக் கட்டணம். நெவர்விண்டர் வியாபாரிகள் வேறு பாதை தேட ஆரம்பித்தார்கள். ஃபேண்டலின் கடைகளில் சாமான் விலை ஏறியது, ஊர்க்காரர்கள் திட்டியது எங்கள் ஹீரோக்களைத்தான். ஊருக்குச் சட்டம் ஒழுங்கு கொண்டுவர ஆசைப்பட்ட சில்டர் ஹால்விண்டர், முதல் நாளிலிருந்து இவர்களோடு இருந்த நல்ல மனிதர், இந்த ஏற்பாட்டைப் பார்த்து மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எல்மின்ஸ்டர் பிரச்சினைக்கும் எங்கள் பதில் இதில் இருக்கிறது. பெரிய ஆட்களை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அவர்கள் தாங்களாக எதையும் வந்து சரிசெய்ய மாட்டார்கள், ஆனால் கேட்டால் உதவுவார்கள், உதவிக்கு விலை இருக்கும், அந்த விலை வரைபடத்தில் தெரியும்.

இதை நடத்துவதற்கு நான் பெரிய கணக்கு வழக்கெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு செஷன் முடிந்ததும் நோட்டில் எழுதுவது: இன்றைக்கு யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், இது யார் காதுக்குப் போய்ச் சேரும். காதுக்குப் போனவர்களில் ஒருத்தர் அடுத்த செஷனுக்குள் ஏதாவது ஒரு அடி எடுத்து வைப்பார், விளையாடுகிறவர்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். ஸ்டார்ஸ் விதவுட் நம்பர் என்ற விண்வெளி விளையாட்டில் உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஆட ஒரு முறை கொடுத்து இதை ஒழுங்காகச் செய்ய விதிகள் இருக்கின்றன, பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற விளையாட்டில் வட்டம் போட்டுத் துண்டு துண்டாக நிரப்புகிற கடிகாரம் இருக்கிறது, நெவரெம்பரின் பொறுமைக்கு நான் அப்படி ஒரு கடிகாரம் வரைந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டி வைத்திருந்தேன். ஒரு துண்டு நிரம்பும்போது டிஸ்கார்டில் கேட்கிற அந்த "ஐயோ" இருக்கிறதே, அதற்காகவே இன்னும் ஒன்று வரையலாம்.

கேனன், அதாவது புத்தகத்தின் அதிகாரபூர்வக் கதை, தெரிந்த ஆட்கள் மேஜையில் இருந்தால் தொல்லை என்று டி.எம்.கள் பலர் சொல்கிறார்கள். "விக்கியில் வேற மாதிரி போட்டிருக்கே" என்று நடுவில் ஒரு குரல் வரும், உண்மைதான். எனக்கு அவர்கள்தான் வேண்டும். ஹாலியா தலைவி ஆனாள் என்பது ஃபேண்டலினை முன்பே விளையாடியவனுக்குத்தான் அதிர்ச்சி. பாலடின் பையனின் மனு யோசனை படித்ததால் வந்தது. விக்கியில் இருப்பது தொடக்கத் தேதி வரைக்கும் செல்லும் என்று ஒரு தடவை சொன்னால் போதும், அதற்கு மேல் விக்கி படிக்கிறவன் ஏமாந்தால் அவன் பாடு.

எல்லா இடத்திலும் இதைச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபுவின் மாட்யூலில், அவனைக் கொன்றாலும் சில மாதங்களில் திரும்பி வந்துவிடுவான் என்று புத்தகமே சொல்கிறது. அது பேய்க்கதை, அந்த உலகம் மாறாது என்பதுதான் அங்கே பயமே. எனக்கு அதில் குறை இல்லை, ஆனால் அந்தப் பத்தியை விளையாடி முடித்த அன்றைக்கே படித்துக் காட்டாதீர்கள், ஒரு வாரம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

திருப்பி வைக்காமல் இருப்பதுதான் இதில் உண்மையிலேயே கஷ்டமான பகுதி. விலை ஏறி ஊர் திட்டியபோது ஹாலியாவை ஏதாவது ஒரு சதியில் மாட்டிவிட்டு ஹார்பினை மறுபடி உட்கார வைக்க எனக்குக் கை அரித்தது, அடுத்த மாட்யூலை அப்படியே போட்டுவிடலாம், எவ்வளவு வேலை மிச்சம். அதைச் செய்திருந்தால் இனி எங்கள் ஆட்கள் எதையும் மாற்ற முயற்சி செய்ய மாட்டார்கள், செய்ய வேண்டிய அவசியம்தான் என்ன, ரப்பர் மாதிரி எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று தெரிந்த பிறகு. அதற்குப் பதிலாக 2019 பெட்டியைப் பிரித்துப்போட்டு எடுத்துக்கொண்டேன். வெள்ளை டிராகன் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேச ஹார்பின் இல்லை, ஹாலியா டிராகனோடு பேரம் பேச ஆள் அனுப்பினாள். டிராகனால் மலையிலிருந்து விரட்டப்பட்ட ஓர்க்குகள் புத்தகத்தில் ஊரைச் சுற்றி இருக்கிற இடங்களைத் தாக்குவார்கள், எங்கள் உலகத்தில் அவர்கள் முதலில் முட்டியது ட்ரூப்பின் சுங்கச்சாவடியில். புத்தகத்தில் முக்கால்வாசி அப்படியே பயன்பட்டது, ஆட்களின் பெயரும் அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதும்தான் மாறின.

இப்போது அதே ஃபேண்டலினில் இரண்டாவது குழு ஒன்று விளையாடுகிறது. எல்லோரும் புதிய ஆட்கள், ஒருத்தரைத் தவிர யாரும் பழைய மாட்யூலைத் தொட்டதில்லை. 2023 புத்தகத்தைப் பழைய குழு விட்டுப்போன தேதிக்கு 12 வருஷம் கழித்து வைத்திருக்கிறேன். ட்ரூப்புக்கு வயதாகிவிட்டது, சுங்கத்தைப் பார்ப்பது அவன் மகள். ஹாலியா இன்னும் நாற்காலியில். புதிய குழுவுக்கு அவளைப் பிடிக்கவே இல்லை, யார் இவளைத் தலைவி ஆக்கினது என்று ஊர்க்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், பழைய ஹீரோக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன, எல்லாம் நல்ல விதத்தில் இல்லை. அந்த ரோக் பெண்ணுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. "அவங்க சுங்கத்துல கை வெச்சா என் பழைய கேரக்டரைக் கூட்டிட்டு வந்து உன் மேஜையில உக்காந்துடுவேன் பாத்துக்கோ" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டிருக்கிறாள். புதிய குழு கூடுவது ஞாயிற்றுக்கிழமை என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.